நம்பிக்கை இல்லாமலே வரலாம்: இக்கட்டில் முதன்முதலாக ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு

ஆலய வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போனவர்களில் நானும் ஒருவன். வீட்டில் ஒரு மரணம் நடந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளே கைத்தாளத்தோடு துதிப்பாடல் பாடிக்கொண்டிருந்தார்கள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர்கள் நடுவில் எப்படி நிற்பது என்று தோன்றியது. வந்த வழியே நடந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட வாய் எழவில்லை. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, பாடிக்கொண்டிருந்த அடியின் கீழே ஆள்காட்டி விரலை வைத்தார். அடி மாற மாற விரலும் நகர்ந்தது. நகத்தோரம் வெடித்திருந்த அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நான்கு சரணத்தையும் கடந்தேன். ஒரு வரியும் பாடவில்லை. ஆனால் ஆராதனையில் இருந்தேன்.

புதிதாக வருகிறவர்களில் பலர் நினைப்பது இது: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும், விசுவாசத்தைத் திரட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் கடவுள் முன்னால் போய் நிற்க முடியும். வேதாகமத்தைத் திறந்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அழுதவர்கள், சண்டை போட்டவர்கள், போதும் என்று படுத்துவிட்டவர்கள் எல்லாரும் அப்படியே போய் நின்றிருக்கிறார்கள். அந்த வழியை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சாப்பாடு, தூக்கம்

இதை ஜெபத்துக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் எலியா என்ற தீர்க்கதரிசி. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் அவர் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து உபதேசம் பண்ணவில்லை. 'இப்படியா பேசுவது' என்று கண்டிக்கவுமில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் மறுபடியும் வந்து எழுப்புகிறான். மறுபடியும் சாப்பாடு. கடவுள் அவரோடு மெல்லிய சத்தத்தில் பேசுவது அதற்கு 40 நாளுக்குப் பிறகு, ஓரேப் மலையில்.

ஆகவே இரண்டு வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆராதனைக்கும் போங்கள். இரண்டுக்கும் பகை கிடையாது. ஆதிச் சபையின் அப்போஸ்தலர் பவுலோடு பயணம் செய்த லூக்காவை வேதாகமத்தில் உள்ள கொலோசெயர் நிருபம் என்ற கடிதம் 'பிரியமான வைத்தியன்' என்றே சொல்கிறது. உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள்

துக்கத்தில் இருக்கிறவரிடம் 'மனதில் உள்ளதைக் கடவுளிடம் சொல்' என்று சொல்வது சுலபம். மனதில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாதே! அதற்குத்தான் சங்கீதப் புத்தகம். கத்தோலிக்க வேதாகமத்தில் இதன் பெயர் திருப்பாடல்கள். மொத்தம் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். ஆலயத்தில் பாடுவதற்கென்றே தொகுத்து வைத்த புத்தகத்தில் இவ்வளவு அழுகை இருக்கிறது என்பதைப் புதியவர்கள் பலர் நம்புவதில்லை. புரட்டிப் பாருங்கள்.

எந்த வேளைக்கு எது என்று ஒரு கணக்கு கையில் இருந்தால் உதவும். பயம் பிடித்திருந்தால் 27 அல்லது 56. செய்த தப்பு உறுத்தினால் 51. உடம்பு படுத்தினால் 6, 38. கூடவே இருந்தவன் முதுகில் குத்திவிட்டால் 55. பகைவன் செய்திருந்தால் சகித்திருப்பேன், நீயல்லவா செய்தாய் என்று பொருமுகிற சங்கீதம் அது. இராத்திரி கண் மூட முடியவில்லை என்றால் 77. ஆழத்தில் விழுந்து கிடப்பதுபோல் இருந்தால் 130. எந்த ஆறுதலும் காதில் ஏறாத நாளுக்கு 88. இந்த 88-ஆம் சங்கீதத்தில் 18 வசனம் இருக்கின்றன. கடைசிவரை ஒரு வெளிச்சமும் வராது. நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற இடத்திலேயே முடிந்துவிடும். 'அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது' என்று யாரும் அதற்கு ஒரு வால் ஒட்டி வைக்கவில்லை. எனக்கு அந்தச் சங்கீதத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் தொடங்குவதற்கு நான் எல்லாருக்கும் சொல்வது 13. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்ற சொல் நான்கு தரம் வருகிறது. எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று வாதாடுகிற குரல் அது. மூன்றாவது, நான்காவது வசனங்களில் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்: என்னைப் பாரும், பதில் சொல்லும், என் கண்களுக்கு வெளிச்சம் தாரும். ஐந்தாவது வசனம் எபிரேய மூலத்தில் 'நானோ' என்ற பொருள்படத் தொடங்குகிறது.

அந்த 'ஓ' என்கிற ஒற்றை எழுத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். நாலாவது வசனத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு தகவலும் இல்லை. பகைவன் அங்கேயேதான் நிற்கிறான். பதிலும் வரவில்லை. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நானோ உம்முடைய கிருபையை நம்பியிருக்கிறேன் என்கிறார். நிலைமை ஒருபக்கம், நான் ஒருபக்கம் என்று பிரித்து நிறுத்துகிறது அந்த எழுத்து. கிறிஸ்தவ வழிபாட்டில் நம்பிக்கை என்று சொல்வதன் அளவு பல நாட்களில் இவ்வளவுதான்.

நான்கு வரி எழுதிப் பாருங்கள்

13-ஐ வாய்விட்டு இரண்டு மூன்று நாள் வாசித்தபிறகு, அதே அச்சில் உங்களுடையதை எழுதலாம். யாரிடம் பேசுகிறீர்கள் என்பது முதல் வரி. என்ன நடந்தது என்பது இரண்டாவது. என்ன வேண்டும் என்பது மூன்றாவது. 'நானோ' என்பது நான்காவது. வேதாகம நடை தேவையில்லை. பேசுகிற தமிழே போதும். உதாரணத்துக்கு:

ஆண்டவரே, கேட்கிறீரா.
மூன்று மாதமாக வேலை இல்லை. போன் அடித்தால் கடன்காரரோ என்று வயிறு கலங்குகிறது.
நாளைக்கு நேர்முகத்தில் என் நாக்கு குழறக் கூடாது.
நானோ

நான்காவது வரி வராவிட்டால் 'நானோ' என்று மட்டும் எழுதிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். இல்லாததை இருப்பதாக எழுத வேண்டாம். என் நோட்டில் இப்படிப் பாதியில் நிற்கிற 'நானோ'க்கள் நிறைய உண்டு. தேதி போட்டு எழுதினால் பின்னால் புரட்டும்போது பிரயோஜனமாக இருக்கும்.

சபையைத் தேர்ந்தெடுப்பது

அச்சிட்ட வழிபாட்டு முறையைப் பின்பற்றுகிற சபைகள் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலி, ஆர்த்தடாக்ஸ் வழிபாடு, ஆங்கிலிக்கன், லுத்தரன் ஆராதனைகள் அந்த வகை. பெந்தெகொஸ்தே போன்ற சபைகளில் பாட்டும் ஜெபமும் கட்டற்று ஓடும். மனம் முற்றிலும் ஓய்ந்துபோன நாட்களுக்கு முதல் வகையே தோது என்பது என் எண்ணம். வார்த்தைகள் ஏற்கெனவே தாளில் இருக்கும்; கூடச் சேர்ந்து வாசித்தால் போதும். இதற்கு நேர்மாறாக, கட்டற்ற ஆராதனையில்தான் மாதக்கணக்காக அடைத்திருந்த அழுகை வெடித்து வந்தது என்று சொல்பவர்களும் எனக்குத் தெரிந்து உண்டு. ஒரே இடத்துக்கு மூன்று ஞாயிறு போய்விட்டு முடிவு செய்யுங்கள். முதல் தடவை எங்குமே கூச்சமாகத்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை: நோயாளிகளுக்காகவும் துக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் மன்றாடுகிறார்களா? பாட்டுகளில் துயரத்துக்கு இடம் இருக்கிறதா, எல்லாமே வெற்றி முழக்கமா? கொஞ்சமாவது மௌனம் உண்டா? அற்புதம் நடந்தவர்கள் மட்டும்தான் மேடை ஏறுகிறார்களா?

சிலவற்றைக் கேட்டால் யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். இவ்வளவு காணிக்கை வைத்தால் தடை உடையும் என்பது ஒன்று. மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்பது இன்னொன்று. இது உன் பாவத்துக்கு வந்த தண்டனை என்பது மூன்றாவது. யோவான் 9-இல் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்ததா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அந்தப் பதிலுக்குப் பிறகும் அதே கேள்வியை உங்கள்மேல் வீசுகிற இடத்தில் உங்களுக்கு வேலை இல்லை. கஷ்டத்தில் இருப்பவர்களிடம் இந்த மூன்றும் எளிதில் பலிக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உள்ளே போனபின்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். நடைபாதையை ஒட்டிய இடமாகப் பார்த்து உட்காருங்கள். அழுகை வந்தால் வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எப்போது நிற்பது, எப்போது முழங்கால்படியிடுவது என்பதற்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தே இருங்கள். காணிக்கைப் பை வந்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். புதியவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று சொன்னால் எழத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

நடக்கிறவற்றில் மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஆண்டவர் கற்பித்த ஜெபம். 'எங்கள் பிதாவே' என்றுதான் அது தொடங்குகிறது. எங்கள் ஆகாரம், எங்கள் கடன்கள், எங்களை இரட்சியும். 'என்' என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் கிடையாது. நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் அந்த 'எங்கள்' உங்களையும் சேர்த்துக்கொண்டுதான் போகிறது.

இரண்டாவது, திருவிருந்து அல்லது நற்கருணை. யார் பங்குபெறலாம் என்பது சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாகத் தங்கள் சபையாருக்கு மட்டுமே. வேறு பல சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் வரலாம். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இடத்திலேயே இருப்பதிலும் அவமானம் எதுவுமில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அங்கே சொல்லப்படும் வார்த்தைகளை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இருந்து வருகிறவை அவை: இயேசு 'காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே' அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டார். நற்கருணைக்கான கிரேக்கச் சொல்லுக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் அர்த்தம். எந்த இரவில் நன்றி சொன்னார் என்பதைச் சபை ஒவ்வொரு தடவையும் விடாமல் சொல்லிவிட்டுத்தான் அப்பத்தைப் பிட்கிறது. நல்லபடியாக முடிந்த ஒரு நாளை நினைத்து வைக்கிற விருந்தாக இருந்திருந்தால் எனக்கு அது அந்நியமாகப் போயிருக்கும்.

மூன்றாவது, கடைசி ஆசீர்வாதம். அது முடியும்வரை கிளம்பாதீர்கள். பல சபைகளில் எண்ணாகமம் 6-இல் உள்ள ஆரோனின் ஆசீர்வாதத்தைச் சொல்வார்கள். அதுவரை எல்லாம் 'நாங்கள்', 'எங்கள்' என்று பன்மையிலேயே போய்க்கொண்டிருக்கும். இங்கே வந்ததும் 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று ஒருமைக்கு மாறும். எத்தனை நூறு பேர் இருந்தாலும் அந்த 'உன்னை' ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வது. தலை குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட முடியாத நாள்

இது கட்டாயம் வரும். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனை, அதாவது உடம்பு அசையாமல் படுத்துவிட்டவனைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' அவனோடு பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நம்பினான், ஏதாவது நம்பினானா என்பதைப் பற்றி மாற்கு ஒன்றுமே சொல்லவில்லை. சுற்றிலும் பாடுகிறவர்கள் அந்த நாள் மட்டும் உங்கள் படுக்கையின் நான்கு முனையைப் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பி நகரச் சிறையில் நடுராத்திரியில் பவுலும் அவரோடு அடைபட்டிருந்த சீலாவும் பாடியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்போஸ்தலர் 16:25-இன் கடைசிப் பகுதியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: காவலில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கட்டும் அன்றிரவு கழன்றது.

ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

நான்கைந்து வாரத்துக்குள் சபையில் ஒருவருக்காவது உங்கள் பாடு தெரிந்திருப்பது நல்லது. போதகராக இருக்கலாம், குருவானவராக இருக்கலாம், தினம் முன்வரிசையில் உட்காரும் பாட்டியாக இருக்கலாம். பொதுவில் ஜெபக்குறிப்பு கொடுப்பதானால் சுருக்கமாகக் கொடுங்கள்: 'குடும்பத்தில் ஒரு சிக்கல், ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்பது போதும். முழுக் கதையும் ஜெபக்குறிப்பாக வெளியே போனால் அடுத்த வாரம் வேறு ரூபத்தில் திரும்பி வரும். இது அனுபவத்தில் கற்றது.

யாரிடம் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபின் நண்பர்களை நினைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் இரவும் பகலும் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்தபிறகுதான் வினை.

வாரத்தின் மற்ற ஆறு இரவுகள்

பகலில் எப்படியோ ஓடிவிடும். விளக்கை அணைத்தபின்தான் பாரம். பழைய மடங்களில் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். 6-ஆம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் மடத்தாருக்கு எழுதிய ஒழுங்கில், படுக்கப்போகும் முன் சொல்லும் ஜெபத்துக்குத் தினமும் ஒரே சங்கீதங்கள்தான்: 4, 91, 134. களைத்த நேரத்தில் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. நாளடைவில் இருட்டிலேயே சொல்லும் அளவுக்கு மனப்பாடம் ஆகிவிடும். மூன்றும் அதிகமென்றால் 4 மட்டும் போதும். எட்டு வசனம், சமாதானத்தோடு படுத்து நித்திரை செய்வேன் என்று முடிகிறது.

செய்யும் முறை: போனை வேறு அறையில் வையுங்கள். சங்கீதத்தைச் சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் படுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கு நாள் பாக்கியைச் சேர்த்துப் படிக்க உட்காராதீர்கள். ஐந்தாம் நாளுடையதை மட்டும் செய்யுங்கள். நாஜிகளை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதானார். அடுத்த மாதம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பல ஆண்டுகளாகச் செய்து வருவதுபோலவே தினமும் சங்கீதங்களை வாசிப்பதாகச் சொல்கிறார். சிறையில் அவருக்குக் கைகொடுத்தது வெளியே இருந்தபோது பழகி வைத்தது.

எப்போது சரியாகும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி. தேதி சொல்ல என்னால் ஆகாது. வேதாகமத்தில் உள்ள புலம்பல் புத்தகத்தின் கட்டுமானத்தை வேண்டுமானால் காட்டுகிறேன். கி.மு. 586-இல் எருசலேம் தரைமட்டமான துக்கத்தில் எழுந்த புத்தகம். ஐந்து அதிகாரம். முதல் நான்கும் எபிரேய அகரவரிசைப்படி அமைந்தவை. அழுகைக்கும் ஒரு நெடுங்கணக்கு வைத்து எழுத்தெழுத்தாக அழுதிருக்கிறார்கள். 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவைகள்' என்ற வரிகளைச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை இருப்பது மூன்றாம் அதிகாரத்தில், அதாவது புத்தகத்தின் நட்டநடுவில். அதே அதிகாரத்தில் இருபத்தைந்து வசனம் தள்ளி மறுபடியும் கண்ணீர் ஓடுகிறது. நல்ல ஒரு ஞாயிற்றுக்குப் பிறகு வருகிற மோசமான செவ்வாய்க்கிழமையை நீங்கள் தோல்வியாக எழுதிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புத்தகத்தின் கடைசி வசனம் சமாதானமாக முடிவதில்லை. எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்கிற தொனியில் நிற்கிறது. யூதர்கள் ஆலயம் இடிந்த நாளை நினைத்து ஆண்டுதோறும் இதை ஜெபாலயத்தில் வாசிக்கும்போது, அங்கே நிறுத்துவதில்லை. ஒரு வசனம் பின்னால் போய், எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், எங்கள் நாட்களைப் பழையபடி புதியவைகளாக்கும் என்ற 21-ஆம் வசனத்தை இன்னொரு தரம் எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறார்கள். கடைசி வசனத்தை அவர்கள் அழிக்கவுமில்லை, மாற்றி எழுதவுமில்லை. ஜெபம் மோசமான இடத்தில் வந்து முட்டி நிற்கிற இரவுகளில் நானும் இப்படித்தான் செய்கிறேன். ஒரு வரி பின்னால் போய், அதை இன்னொரு தரம் வாசித்துவிட்டு, விளக்கை அணைத்துவிடுகிறேன்.